பத்தனைப் புல்வெளியின் காட்டுச் செவ்வந்திகள்: அலுவிகாரையிலிருந்து ரிவர்ஸ்டன் வரை

யாழ்ப்பாணத்திலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ ஏ9 வீதியால் கண்டிக்குப் போகிறவர்கள், தம்புள்ளையும் நாலந்தையும் தாண்டியபின் வீதியின் இருபுறமும் வாசனைத்திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாக வருவதைக் கண்டிருப்பார்கள். மாத்தளை நகருக்கு ஏறத்தாழ 3 கிலோமீற்றர் இருக்கும்போது, பெரும் பாறைகளுக்கு நடுவே குகைகளைக் கொண்ட ஒரு பௌத்த விகாரை வீதியோரமாகத் தெரியும். அதுதான் அலுவிகாரை. பஸ்ஸில் பயணிக்கிற தமிழர்களில் பெரும்பாலானோர் அங்கே இறங்குவதில்லை. இந்த வீதி திறக்கப்படும், மூடப்படும், மறுபடி திறக்கப்படும் என்ற கணக்கிலேயே வாழ்ந்த நமக்கு, ஏ9 என்பது ஊருக்குப் போய்ச் சேரும் வழியாகவே இருந்துவிட்டது. அதன் ஓரத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கும் நிலையில் நாம் பயணித்ததில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஓரத்தைப் பற்றியது. அலுவிகாரையிலிருந்து மாத்தளைக்கு வந்து, கிழக்கே திரும்பி, இரத்தோட்டை வழியாக ஏறினால் ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் ரிவர்ஸ்டன் கணவாய் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீற்றர் உயரத்தில் தொடங்கும் பயணம் அங்கே 1,400 மீற்றரைத் தொடுகிறது. கணவாயைத் தாண்டி இறங்கினால் பிட்டவல பத்தனை என்ற புல்வெளி. இந்த ஏற்றத்தில் வழிநெடுகத் தென்படும் பூக்களில் கணிசமானவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. செவ்வந்தி, சூரியகாந்தி, கையாந்தகரை எல்லாவற்றையும் உள்ளடக்கிய அஸ்டரேசியே என்ற குடும்பம் அது. எது இந்த மலையில் தானாக வளர்ந்தது, எது தோட்டத்துறையோடு வந்தது, எது போரோடு நம் ஊருக்கு வந்தது என்று பிரித்தறியத் தெரிந்தால், நிலத்துக்கு நடந்தவற்றை அந்தப் பூக்களைக் கொண்டே வாசிக்கலாம்.

ஒரு பூவுக்குள் ஒரு கூட்டம்

'அஸ்டர்' என்றால் கிரேக்க மொழியில் நட்சத்திரம். நடுவில் மஞ்சள் வட்டம், சுற்றிலும் கதிர்போல ஊதா அல்லது வெள்ளை இதழ்கள் கொண்ட பூக்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் அது. அல்ப்ஸ் மலைப் புல்வெளிகளில் வளரும் அஸ்டர் அல்பினஸ் இவற்றுள் பெயர்பெற்றது. இமயமலையில், மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே 'புக்யால்' எனப்படும் புல்வெளிகள் இருக்கின்றன. உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு 1982இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஜூலை, ஓகஸ்ட் மழைக்காலத்தில் அங்கே மலரும் நூற்றுக்கணக்கான தாவரங்களில் காட்டு அஸ்டர்களும் உண்டு.

இலங்கை மலைகள் அத்தனை உயரமானவை அல்ல. நாட்டின் உச்சமான பிதுருதலாகலை 2,524 மீற்றர். மாத்தளை, கண்டி மாவட்டங்களில் பரந்திருக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் உச்சமான கொம்பனிய 1,906 மீற்றர். பனிமூடும் அல்பைன் புல்வெளி இங்கே கிடையாது. ஆனால் அதே குடும்பத்தின் உறவுத் தாவரங்கள், குளிர்ந்த காற்றும் மெல்லிய மண்ணும் கொண்ட நமது மலைப் புல்வெளிகளிலும் வேர்விட்டிருக்கின்றன. இந்தக் கட்டுரையில் அவற்றைப் பொதுவாகக் காட்டுச் செவ்வந்திகள் என்று சொல்கிறேன்.

இந்தக் குடும்பத்தை அடையாளம் காண்பதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு சூரியகாந்தியையோ செவ்வந்தியையோ கையால் பிய்த்துப் பாருங்கள். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல நூறு சிறு பூக்களின் கொத்து. நடுவட்டத்தில் நெருக்கமாக நிற்கும் குழாய்போன்ற ஒவ்வொன்றும் தனிப் பூ. ஓரத்தில் இதழ்போலத் தெரியும் ஒவ்வொன்றும் கூடத் தனிப் பூவே. இப்படிக் கூட்டமாக நிற்பதால் இந்தக் குடும்பத்துக்குக் கொம்பொசிட்டே என்ற பழைய பெயரும் உண்டு. ஒரு வண்டு வந்து உட்கார்ந்தால் ஒரே தடவையில் பல பூக்கள் மகரந்தம் பெறுகின்றன. காய்த்தபின் பல இனங்களின் விதைகளில் வெண்ணிற மயிர்க்கொத்து இருக்கும். அது காற்றில் மிதந்து தூர இடங்களுக்குப் போகும்.

உலகில் இன்று அறியப்பட்ட அஸ்டரேசியே இனங்கள் 32,000க்கு மேல். அண்டார்டிக்கா தவிர்ந்த எல்லாக் கண்டங்களிலும் இவை இருக்கின்றன. வெறுமையான மண் எங்கே கிடைத்தாலும் முதலில் போய்ச் சேரும் தாவரங்களில் இவை முன்னணியில் நிற்பதற்குப் பறக்கும் விதைகள் ஒரு முக்கிய காரணம்.

நமக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. கண்ணுக்கும் கூந்தலுக்கும் எண்ணெய் காய்ச்சும் கையாந்தகரை இதைச் சேர்ந்தது. சீதேவியார் செங்கழுநீர், முயற்செவி, கொட்டைக்கரந்தை ஆகிய சித்த மருத்துவ மூலிகைகளும் இதே குடும்பம்தான். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போகிறவர்கள் சூடிய கரந்தைப் பூ இந்தக் கொட்டைக்கரந்தைதான் என்று கொள்வோரும் உண்டு.

பத்தனை என்றால் என்ன?

மலையகத்தவர்களுக்குப் 'பத்தனை' என்றதும் கொட்டகலைக்கு அருகிலுள்ள ஊரும் அங்குள்ள ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியும் நினைவுக்கு வரும். சொல்லின் மூலம் சிங்களத்தின் 'பத்தன'. மலைச்சரிவில் மரமில்லாமல் விரிந்திருக்கும் புல்வெளி என்பது பொருள்.

இலங்கையின் பத்தனைகளைத் தாவரவியலாளர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஹோர்டன் சமவெளி போன்ற உயர்ந்த, ஈரமான இடங்களில் இருப்பவை ஈரப் பத்தனைகள். அதற்குக் கீழே, நீண்ட வறட்சியும் அடிக்கடி தீயும் காணும் சரிவுகளில் இருப்பவை உலர் பத்தனைகள். தோட்ட லயங்களில் கூரை வேய்ந்தவர்களுக்கும் மாட்டுக்குப் புல் அறுத்தவர்களுக்கும் நன்கு தெரிந்த மானாப்புல் உலர் பத்தனைக்குரியது. இந்தப் புல்வெளிகள் இயற்கையாகவே உருவானவையா, காட்டை எரித்து மனிதர் உருவாக்கியவையா என்ற விவாதம் நூறாண்டுக்கு மேற்பட்டது. சில இடங்களில் மண்ணும் காற்றும் மரத்தை வளரவிடவில்லை; வேறு சில இடங்களில் தீ வளரவிடவில்லை.

பிட்டவல பத்தனை சிறியது. அதன் பரப்பு சுமார் 10 ஹெக்டேயர் என்று சொல்லப்படுகிறது. பாறைத் தட்டின் மேல் மெல்லிய மண் படிந்திருக்கிறது. புல் கணுக்கால் உயரத்துக்கு மேல் அதிகம் வளர்வதில்லை. பாறை வெடிப்புகளில் ஓடும் நீரில், நக்கிள்ஸ் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பாறைத் தவளை வாழ்கிறது. புல்வெளியின் விளிம்பில் நிலம் திடீரென்று அறுந்து பள்ளத்தாக்கு திறக்கும். சுற்றுலாப் பயணிகள் அதைச் சிறிய உலக முடிவு என்று அழைக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ரிவர்ஸ்டன் கணவாயில் நின்று பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. வடகீழ்ப் பருவமழை வரும்போது இதே சரிவுகள் நாள்கணக்கில் மூடுபனிக்குள் இருக்கும்.

இந்த மலைத்தொடரின் பெரும்பகுதி நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாக 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டுப்பகுதி, ஹோர்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து, இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் இணைத்தது.

வாடாத வெள்ளைப் பூ

இலங்கை மலைப் புல்வெளிகளின் காட்டுச் செவ்வந்திகளில் முதலில் சொல்ல வேண்டியது அனாஃபாலிஸ் என்ற பேரினம். ஹோர்டன் சமவெளிக்குப் போனவர்கள் இதைக் கண்டிருக்கக்கூடும். தண்டும் இலையும் வெண்பஞ்சு ஒட்டியதுபோல இருக்கும். நுனியில் கடதாசி போன்ற வெள்ளைப் பூக்கள் கொத்தாக நிற்கும். அந்த வெள்ளை, பூவிதழின் நிறம் அல்ல. பூக்கொத்தைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் உலர்ந்த செதில்களின் நிறம் அது. பறித்துவைத்தாலும் நிறமும் வடிவமும் நெடுநாள் மாறாது. ஆங்கிலத்தில் இதை என்றும் வாழும் பூ என்ற பொருளில் அழைப்பதற்குக் காரணம் இதுவே.

அந்தப் பஞ்சுமயிர் மலை வாழ்க்கைக்கான ஏற்பாடு. உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும். காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். இரவில் உறைபனி விழும். இலையின் மேலுள்ள மயிர்ப்படலம் மூன்றையும் ஓரளவு தடுக்கிறது. அனாஃபாலிஸின் உறவினங்கள் நீலகிரியிலும் பழனி மலையிலும் இமயத்திலும் வளர்கின்றன. இலங்கைக்கு மட்டுமே உரிய அனாஃபாலிஸ் இனங்களும் பல உண்டு. அவை இங்குள்ள சில மலைகளில் அழிந்தால் உலகத்திலிருந்தே அழிந்ததாகிவிடும்.

செனீசியோ என்ற மஞ்சள் பூக்காரர்கள் அடுத்தவர்கள். பின்னர் வெர்னோனியா வகைகள். இவற்றின் ஊதாப் பூக்கள் கதிரிதழ் இல்லாமல் குஞ்சம்போல நிற்கும். நம் வளவுகளில் முளைக்கும் சீதேவியார் செங்கழுநீரையும் தாவரவியலாளர்கள் நெடுங்காலம் வெர்னோனியா என்றே அழைத்தார்கள். சிங்களத்தில் அதற்கு மயிலின் கொண்டை என்று பொருள்படும் 'மொனரகுடும்பிய' என்ற பெயர். வடக்கின் வளவில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் அந்தச் செடியின் மலையுறவுகள் சில ஆளுயரத்துக்கு மேல் வளர்கின்றன. முயற்செவியின் எமிலியா இனத்துச் சொந்தங்களும் மலையில் உண்டு.

பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் அமைக்கப்பட்ட காலத்திலிருந்து இந்தத் தாவரங்கள் சேகரிக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, இலத்தீன் பெயரிட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே பணியாற்றிய ஹென்றி ட்ரைமன் இலங்கைத் தாவரங்கள் பற்றி எழுதிய கைநூல் 1893 முதல் 1900 வரை வெளிவந்தது. கடைசித் தொகுதிகளை அவருடைய மறைவுக்குப் பின் ஜோசப் ஹூக்கர் முடித்தார். அந்நூலில் ட்ரைமன் பல செடிகளுக்குச் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே குறித்தார். அவருக்கு அந்தப் பெயர்களைச் சொன்ன மனிதர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

தோட்டத்தோடு வந்தவை

இப்போது மாத்தளையிலிருந்து மேலே ஏறும் வீதிக்கு வருவோம். முதலில் கண்ணில் படுவது காட்டுச் சூரியகாந்தி. வீதியோரத்தில் இரண்டு மூன்று மீற்றர் உயரத்துக்குப் புதராக வளர்ந்து, பெரிய மஞ்சள் பூக்கள் பூக்கும். கண்டி, மாத்தளை, நுவரெலியா வீதிகளில் பயணித்த எவருக்கும் இது தெரியும். டைத்தோனியா டைவர்சிஃபோலியா என்ற இந்தச் செடி மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்தது. இலையில் தழைச்சத்து மிகுந்திருப்பதால் தேயிலைத் தோட்டங்களிலும் வயல்களிலும் பசுந்தாள் உரமாக வெட்டிப் போட்டார்கள்.

அது வந்த நூற்றாண்டில்தான் இந்த வீதியால் நம்மவர்களும் வந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அந்த நடையின் நினைவாக 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் நடந்தது. 1869இல் கோப்பியை இலைத்துரு நோய் தாக்கியபின் அந்தச் சரிவுகளில் தேயிலை ஏறியது. காட்டின் கீழ்நிலைகளில் ஏலக்காய் நடப்பட்டது. பின்னாளில் பத்தனைகளின் பல பகுதிகளில் பைன் மரம் நடப்பட்டது.

இப்படி ஒவ்வொரு தடவை மண் கிளறப்படும்போதும் பறக்கும் விதைக்காரர்களுக்கு இடம் திறந்தது. ரிவர்ஸ்டன் பகுதியில் இன்று கவலை தரும் செடி அவுஸ்ட்ரோயுபடோரியம் இனுலிஃபோலியம். தென் அமெரிக்கா இதன் தாயகம். ஆளுயரப் புதர், எதிரெதிராக நிற்கும் இலைகள், நுனியில் தட்டையாக விரியும் வெள்ளைப் பூக்கொத்து. வெண்ணிறத்தில் பூத்து நிற்கும் சரிவைப் பார்த்துப் பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள். அந்த வெள்ளைக்குக் கீழே முன்பு புல் இருந்தது.

பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் செடி நக்கிள்ஸ் புல்வெளி மண்ணை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். இதன் இலைச்சருகு விரைவாக மட்கி மண்ணை வளமாக்குகிறது. வளமான மண் நல்லதுதானே என்று கேட்கலாம். பத்தனைக்கு அது நல்லதல்ல. பத்தனையின் புல்லும் சிறு பூக்களும் வளமில்லாத மண்ணுக்குப் பழகியவை. மற்றவை வாழமுடியாத இடம் என்பதால்தான் அவற்றுக்கு அந்த இடம் கிடைத்தது. மண் வளமாகி, மேலே நிழலும் விழுந்தால் குட்டையான செடிகள் வெளிச்சத்தை இழக்கின்றன. அதேவேளை, காடு அழிந்து பல காலம் புல்லாகவே கிடக்கும் சரிவுகளில், இந்த மாற்றம் மரங்கள் திரும்ப வருவதற்கு உதவக்கூடும் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆகவே எல்லா இடத்திலும் வெட்டி எறி என்று ஒரே வரியில் முடிவு சொல்ல முடியாது. பிட்டவல போன்ற, வேறெங்கும் இல்லாத உயிர்களைக் கொண்ட சிறு புல்வெளியில் அதை நுழையவிடாமல் தடுப்பது அவசரம் என்பதில் குழப்பமில்லை.

ஏஜெராட்டினா ரைபாரியா என்ற இன்னொரு மெக்சிக்கோச் செடி ஈரமான ஓடைக்கரைகளிலும் காட்டு விளிம்புகளிலும் வெள்ளைப் பூவோடு படர்கிறது. மலைநாட்டின் பல பகுதிகளில் இது ஆக்கிரமிப்புத் தாவரமாகக் கணிக்கப்படுகிறது. இவற்றின் விதையைக் காற்று மட்டும் கொண்டுபோவதில்லை. வாகனச் சக்கரம், சப்பாத்தின் அடி, கூடாரத்தின் மடிப்பு, வீதி வேலைக்குக் கொட்டும் மண் ஆகியவையும் கொண்டுபோகின்றன. ரிவர்ஸ்டனுக்கு வார இறுதிகளில் வரும் கூட்டத்தைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வழி என்று புரியும்.

ஏ9 வீதியின் மறுமுனையில்

இதே குடும்பத்தின் ஓர் உறுப்பினரை வடக்கின் வாசகர்கள் மலையேறாமலே அறிவார்கள். பார்த்தீனியம்.

வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி 1950களில் இந்தியாவின் புனே பகுதியில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடு முழுவதும் பரவியது. இலங்கைக்கு 1987இல் வந்த இந்திய அமைதி காக்கும் படையினர் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு விதை வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். விதைப் பொருட்களோடு கலந்து வந்திருக்கலாம் என்போரும் உண்டு. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் வேரூன்றிய அது பின்னர் வேறு மாவட்டங்களிலும் கண்டறியப்பட்டது.

ஒரு செடி 15,000க்கு மேற்பட்ட விதைகளை உண்டாக்கும். முளைத்து நான்கு முதல் ஆறு வாரங்களில் பூக்கும். விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வேரும் சருகும் விடும் வேதிப்பொருள் பக்கத்துப் பயிரின் முளைப்பைத் தடுக்கும். பார்த்தெனின் என்ற நச்சு தோலில் பட்டால் பலருக்கு அரிப்பும் புண்ணும் வரும். பூந்தூள் இழுப்பு நோயைத் தூண்டும். மாடு தின்றால் பால் கசக்கும்.

மீள்குடியேறிய பலர், பதுங்குகுழி வெட்டியும் மண் அணை எழுப்பியும் கனரக வாகனம் ஓடியும் புரண்டுபோன காணிகளுக்குத்தான் திரும்பினார்கள். ஆண்டுக்கணக்கில் பயிரில்லாமல் கிடந்த அந்த வெறுமண் பார்த்தீனியத்துக்கு ஏற்ற இடம். கண்ணிவெடி அகற்றிய நிலத்தில் முதல் மழைக்கு என்ன முளைத்தது என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே நிறையப்பேர் இருக்கிறார்கள்.

அடையாளம் சொல்கிறேன். இளஞ்செடியின் இலை கரட் இலைபோல ஆழமாகப் பிளவுபட்டுத் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். தண்டு நீளவாட்டில் வரிவரியாக இருக்கும். பூ மிகச் சிறியது, வெள்ளை, ஐந்து மூலை கொண்டதுபோலத் தெரியும். பூக்கும் முன்னரே, மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களும் சிறுவர்களும் இந்த வேலையைச் செய்யக்கூடாது. பூத்த செடியை வெட்டி வீதியோரத்தில் எறிந்தால் விதையை நாமே பரப்பியதாகிவிடும். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் புல்லையோ பயிரையோ வளர்க்க வேண்டும்; இல்லையேல் அடுத்த மழைக்கு அது திரும்பி வரும். இந்தியாவில் இதன் இலையைத் தின்னும் மெக்சிக்கோ வண்டு ஒன்று 1984இல் பெங்களூரில் வெளியில் விடப்பட்டது. இடத்துக்கு இடம் பலன் வேறுபட்டது. கையால் பிடுங்குவதற்கு முழு மாற்று இன்னும் இல்லை.

'வந்தேறி' என்ற சொல்

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். செடிகளைப் பற்றி எழுதும்போது 'அந்நியம்', 'வந்தேறி', 'ஆக்கிரமிப்பு', 'களையெடுப்பு' என்ற சொற்கள் இயல்பாக வந்து விழுகின்றன. இதே சொற்கள் இந்த நாட்டில் மனிதர்கள்மீது வீசப்பட்டவை. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை ஒரே கையெழுத்தில் அந்நியராக்கியது. 1983 ஜூலையில் மாத்தளையில் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் அதன் தேர்களும் தாக்குதலுக்கு உள்ளாகின. அந்த வன்முறைகளுக்குத் தப்பி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் 2009இல் மறுபடியும் எல்லாவற்றையும் இழந்தன. அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்களும் இதை வாசிப்பார்கள்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். ஒரு செடி எங்கிருந்து வந்தது என்பது அதன் குற்றம் ஆகாது. முத்துமாரியம்மன் தேருக்குக் கட்டும் மாலையின் மஞ்சள் செண்டுமல்லி மெக்சிக்கோவிலிருந்து வந்தது. சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. சிறுவயதில் விழுந்து முழங்கால் உரிந்தபோதெல்லாம் அம்மம்மா வேலியோரத்தில் பறித்துக் கசக்கிப் பிழிந்த வெட்டுக்காயப் பச்சிலையும் மத்திய அமெரிக்கச் செடிதான். ட்ரைடாக்ஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். வந்து சேர்ந்து, யாருடைய இடத்தையும் பறிக்காமல் ஊர்ச்செடியானவை ஏராளம். விஞ்ஞானிகளும் அயல் தாவரம், ஆக்கிரமிப்புத் தாவரம் என்று இரண்டையும் வேறுவேறாகவே கணக்கிடுகிறார்கள். ஒரு செடி பரவிப் பிற உயிர்களுக்கு இடமில்லாமல் செய்கிறதா என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். செடியை அளக்கும் இந்த அளவுகோலை மனிதர்மீது வைக்கக்கூடாது. எந்தச் செடியும் தானாக வந்து ஆக்கிரமிக்கவும் இல்லை. காட்டை வெட்டியவர்களும் தோட்டம் போட்டவர்களும் படை நடத்தியவர்களும் திறந்துவிட்ட மண்ணில்தான் அவை முளைத்தன.

பெயர்களை எழுதிவைத்தல்

மலையிலிருந்து இறங்கி மறுபடி அலுவிகாரைக்கு வருகிறேன். பௌத்தர்களுக்கு இந்த இடம் முக்கியமானதற்கு ஒரு காரணம் உண்டு. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக மட்டும் ஓதப்பட்டுவந்த திரிபிடகம் முதல்முறையாக ஓலையில் எழுதப்பட்டது இங்கேதான் என்பது மரபு. படையெடுப்பும் கொடும் பஞ்சமும் அக்காலத்தில் நாட்டை உலுக்கியிருந்தன. மனப்பாடமாக ஓதத் தெரிந்தவர்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு நூலும் போய்விடும் என்ற அச்சத்தில் எழுதினார்கள். அந்த ஓலைகள் சேர்ந்திருந்த நூலகம் 1848இன் மாத்தளைக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது அழிந்தது. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

செடிகளின் பெயரும் வாயில்தான் வாழ்கிறது. எந்தப் பூ வந்தால் மழை பின்னிற்கும், எந்த இலை காயத்துக்கு, எந்தக் கொடி மாட்டுக்கு ஆகாது என்பதெல்லாம் ஓரிடத்தில் நீண்டகாலம் வாழ்ந்தவர்களின் அறிவு. மலையிலிருந்து வன்னிக்கும், வன்னியிலிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து கடல்கடந்தும் பெயர்ந்தபோது அந்த அறிவு பொருந்தும் நிலம் பின்னால் தங்கிவிட்டது. பெயர் தெரிந்த மூத்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருக்கிறார்கள். ட்ரைமனின் நூலில் தமிழ்ப் பெயர் ஏறியது, யாரோ ஒருவர் சொல்லி அவர் கேட்டதால். இப்போது கேட்க வேண்டியவர்கள் நாம்.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு செடி. ஊரில் வழங்கும் பெயர், சொன்னவர் எந்த ஊரில் அதைக் கேட்டறிந்தார், எத்தகைய மண்ணில் வளர்கிறது, எந்த மாதத்தில் பூக்கிறது, எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று எழுதுங்கள். பூ, இலை, தண்டு மூன்றும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையினரும் சித்த மருத்துவத் துறையினரும் பேராதனையின் தேசிய உலர்தாவரக் காப்பகமும் தாவரவியல் பெயரை உறுதிசெய்ய அணுகக்கூடிய இடங்கள். பாதுகாக்கப்பட்ட வனத்தில் செடியைப் பிடுங்குவது சட்டவிரோதம் என்பதால் அங்கே படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ரிவர்ஸ்டனுக்குப் போகிறவர்கள் ஏறுமுன் சப்பாத்தின் மண்ணைத் தட்டிவிட்டு ஏறினால், அந்தப் புல்வெளிக்கு அதுவே பெரிய உதவி.

அடுத்த தடவை ஏ9 வீதியால் போகும்போது யன்னலோர இருக்கை கிடைத்தால் வெளியே பாருங்கள். வவுனியா தாண்டும்வரை சிறு வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியத்தைத் தேடுங்கள். மாத்தளையை நெருங்கும்போது மஞ்சளாய் நிற்கும் காட்டுச் சூரியகாந்தி தெரியும். மலைக்கு ஏறினால், புல்லுக்குள் குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் சிறு காட்டுச் செவ்வந்திகளை நிதானமாகத் தேடுங்கள். பக்கத்து இருக்கையில் வயதானவர் ஒருவர் இருந்தால், அந்தப் பூவுக்கு அவருடைய ஊரில் என்ன பெயர் என்று கேளுங்கள்.